யார் எழுதும் இந்தியா? தேசியக் காலப்பெட்டகம் குறித்து ஒரு விசாரணை

செங்கோட்டையில் ஓர் உலோகக் கலம்

1973 ஆகஸ்ட் 15 அன்று, பிரதமர் இந்திரா காந்தி தில்லி செங்கோட்டை வளாகத்தில் ஓர் உலோகக் கலத்தைப் பூமிக்குள் இறக்கினார். சுதந்திர இந்தியாவின் முதல் 25 ஆண்டு வரலாறு அதற்குள் எழுதி வைக்கப்பட்டிருந்தது. ஆயிரம் ஆண்டு கழித்துத் தோண்டி எடுக்கிறவர்கள் இந்த நாட்டை அதன் வழியே அறிந்துகொள்ள வேண்டும் என்பது திட்டம். 'கால்பாத்ர' என்று அரசு அதற்குப் பெயர் சூட்டியது. ஆயிரம் ஆண்டு இருக்க வேண்டிய அந்தக் கலம் ஐந்து ஆண்டுகூட மண்ணுக்குள் இருக்கவில்லை. 1977 தேர்தலில் காங்கிரஸ் தோற்று, மொரார்ஜி தேசாய் தலைமையில் ஜனதா ஆட்சி அமைந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் கலம் வெளியே எடுக்கப்பட்டது. புதைக்க ஆன செலவு 8,000 ரூபாய், தோண்டி எடுக்க ஆன செலவு 58,000 ரூபாய்க்கு மேல் என்று செய்தித்தாள்கள் பதிவு செய்துள்ளன.

இந்த விவகாரத்தில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. கலத்தில் வைக்க வேண்டிய வரலாற்று உரையைத் தயாரிக்கும் பொறுப்பு இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்திடம் போனது. உரையை எழுதியவர் சென்னைக் கிறித்துவக் கல்லூரி வரலாற்றுப் பேராசிரியர் எஸ். கிருஷ்ணசாமி. அவர் தம் கையெழுத்துப் பிரதியைக் கருத்துக் கேட்டு அனுப்பியது, அப்போது தமிழ்நாடு ஆவணக் காப்பகம் மற்றும் வரலாற்று ஆராய்ச்சி ஆணையராக இருந்த டி. பத்ரிநாத்துக்கு. பத்ரிநாத் அதைப் படித்துவிட்டு, வரலாறு திரிக்கப்பட்டிருக்கிறது என்று வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தார். நேரு குடும்பத்தின் புகழைப் பாடவே இந்த ஏற்பாடு என்று எதிர்க்கட்சிகள் நாடாளுமன்றத்துக்கு உள்ளும் வெளியும் குற்றஞ்சாட்டின. அரசு அசைந்து கொடுக்கவில்லை. எதிர்ப்பு ஓயும் முன்பே கலம் குழிக்குள் போனது.

2012இல் இந்தக் கலத்தைப் பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆய்வாளர் மது கிஷ்வர் கேள்வி கேட்டார். தன்னிடம் எந்தத் தகவலும் இல்லை என்று பிரதமர் அலுவலகம் பதில் சொன்னது. ஆயிரம் ஆண்டுக்குப் பிந்தைய மக்களுக்கென எழுதிய ஓர் உரை, நாற்பதே ஆண்டில், அதை எழுதச் சொன்ன அலுவலகத்தின் நினைவிலிருந்தே நழுவிப் போயிருந்தது.

ஒரு நாடு தன்னைப் பற்றி எதிர்காலத்துக்குச் செய்தி விட்டுச் செல்ல நினைப்பது நியாயமான ஆசை. அதை எள்ளி ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அத்தகைய செய்தி பிழைத்திருப்பது எதனால்? அதை யார் எழுதினால் எதிர்காலம் நம்பும்? இந்தக் கட்டுரை விசாரிப்பது இவ்விரண்டு கேள்விகளை. கலத்தின் உலோகத்தைப் பற்றியும் குழியின் ஆழத்தைப் பற்றியும் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. படிக்கிறவர்களைப் பற்றியும் படியெடுக்கிறவர்களைப் பற்றியும் போதிய அளவு எழுதப்படவில்லை.

ஆய்வாளர்கள் சொல்வது

இன்றைய பொருளில் காலப்பெட்டகம் அமெரிக்காவில் உருவான வழக்கம். பிலடெல்பியாவில் 1876இல் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் ஆன்னா டீம் என்ற பத்திரிகையாளர் ஓர் இரும்புப் பெட்டியைக் காட்சிக்கு வைத்தார். நூறாண்டு கழித்து, 1976இல், குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு முன்னிலையில் அது திறக்கப்பட்டது. வேறு பல முன்னோடிகளும் உண்டு. ஆனால் 'டைம் கேப்ஸ்யூல்' என்ற பெயர் நிலைத்தது 1938இல், வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் நியூயார்க் உலகக் கண்காட்சித் திடலில் ஒரு கலத்தைப் புதைத்தபோதுதான்.

இதுபற்றி வந்த நூல்களில் இரண்டு முக்கியமானவை. வில்லியம் ஜார்விஸ் 2003இல் வெளியிட்ட பண்பாட்டு வரலாறு, பெரும்பாலான பெட்டகங்களால் வரலாற்றாசிரியருக்குப் பயனில்லை என்று காட்டுகிறது. அவற்றில் போடப்படுபவை கடையிலிருந்து வாங்கிய கையோடு வைத்த புதுப் பொருள்கள். அவற்றை வைத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. நிக் யாப்லான் 2019இல் எழுதிய நூல் இந்த முடிவை மறுபரிசீலனை செய்கிறது. தொடக்கக்காலப் பெட்டகங்களில் வெறும் பெருமை மட்டும் இல்லை, தம் காலத்தின் மீதான விமர்சனமும் வருங்காலத்துக்குத் தாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம் என்ற உணர்வும் இருந்தன என்பது அவர் வாதம்.

இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இருவர் ஆய்வும் பெரும்பாலும் அமெரிக்க நகரங்களையும் நிறுவனங்களையும் சுற்றியே நிற்கிறது. ஓர் அரசு, அதிலும் தேர்தலில் மாறக்கூடிய அரசு, நாட்டின் பெயரால் பேசும்போது எழும் சிக்கல் வேறு வகையானது. அதற்கு 'கால்பாத்ர'வைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பது கடினம்.

பொருள் கெடுவதும் வாசிப்பு கெடுவதும்

ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் 1957இல் ஒரு புத்தம்புதிய பிளிமத் பெல்வெடியர் காரைப் புதைத்தார்கள். நீதிமன்றப் புல்வெளிக்கு அடியில் கான்கிரீட் அறை. அணுகுண்டு விழுந்தாலும் தாங்கும் என்று நம்பினார்கள். ஐம்பது ஆண்டில் பெட்ரோலில் ஓடும் வண்டிகளே இல்லாமல் போகலாம் என்று பெட்ரோலும் கூடவே வைத்தார்கள். ஒரு பெண்ணின் கைப்பையில் அன்றாடம் இருக்கும் உதட்டுச்சாயம், கொண்டை ஊசி போன்றவற்றையும் சேர்த்தார்கள். 2007 ஜூனில் மூடியைத் திறந்தபோது அறைக்குள் தண்ணீர் தேங்கி நின்றது. கார் துருப்பிடித்த கூடாகக் கிடந்தது. 2007இல் டல்சாவின் மக்கள்தொகை என்னவாக இருக்கும் என்று சரியாகக் கணித்தவருக்கு அந்தக் கார் பரிசு என்பது ஏற்பாடு. வென்றவர் 1979லேயே இறந்துபோயிருந்தார். காருடன் புதைத்த சிறிய எஃகுப் பெட்டி மட்டும் காற்றும் நீரும் புகாமல் தப்பியது. அதிலிருந்த காகிதங்கள் நல்ல நிலையில் கிடைத்தன.

நிலத்தடி நீரைப் பொறியாளர்களால் தடுத்துவிட முடியும். படிக்கும் வழி மறைந்துபோவதைத் தடுப்பது அதைவிடக் கடினம்.

இங்கிலாந்தை வென்ற வில்லியம் 1086இல் எடுத்த நிலக்கணக்கு டோம்ஸ்டே நூல். அது ஆட்டுத்தோலில் எழுதப்பட்டது. அதன் 900ஆம் ஆண்டை ஒட்டி, 1986இல், பி.பி.சி. ஒரு புதிய டோம்ஸ்டேயைத் தயாரித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். பள்ளிப் பிள்ளைகள் தம் ஊரை அளந்து, கடைகளைப் பட்டியலிட்டு, படமெடுத்து அனுப்பினார்கள். எல்லாம் அன்றைய புதுமையான லேசர் தட்டுகளில் ஏறியது. அவற்றைப் படிக்கத் தனிக் கணினியும் தனிக் கருவியும் வேண்டும். விலை பல ஆயிரம் பவுண்டு. பதினைந்து ஆண்டுக்குள் அந்தக் கருவிகள் பழுதாகி, மாற்று உதிரிகள் கிடைக்காமல், தட்டுகள் வாயடைத்துப் போயின. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் எழுதித்தான் அவற்றைப் பேச வைத்தார்கள். 1086இன் தோல் நூலை, பழைய எழுத்தும் இலத்தீனும் அறிந்தவர்கள் லண்டனில் இன்றும் படிக்கிறார்கள்.

வாசிப்பு கெடுவதற்கு இந்தியாவில் இதைவிடப் பழைய சான்று இருக்கிறது. தில்லி சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக் 14ஆம் நூற்றாண்டில், இன்றைய ஹரியானாவில் உள்ள தோப்ராவில் ஒரு பெரிய கல்தூணைக் கண்டார். அதைத் தில்லிக்குக் கொண்டுவர அவர் செய்த ஏற்பாட்டை ஷம்ஸ்-இ-சிராஜ் அஃபீஃப் என்ற வரலாற்றாசிரியர் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். தூண் சாயும்போது உடையாதபடி இலவம்பஞ்சை மெத்தையாகப் போட்டார்கள். நாணலாலும் பச்சைத்தோலாலும் தூணைச் சுற்றினார்கள். 42 சக்கர வண்டியில் ஏற்றி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் 200 பேர் கயிறு பிடித்து யமுனை வரை இழுத்தார்கள். பிறகு படகில் தில்லி. தூண் பத்திரமாக வந்து சேர்ந்தது. எழுத்தும் ஒரு கீறல் குறையாமல் இருந்தது. படிக்கத்தான் ஆளில்லை. சுல்தான் பண்டிதர்களை அழைத்துக் கேட்டும் ஒருவராலும் முடியவில்லை.

அது அசோகரின் தூண். தம் ஆணைகள் நெடுங்காலம் நிலைக்க வேண்டும், தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவற்றைப் பின்பற்ற வேண்டும் என்பதற்காகவே கல்லில் வெட்டச் செய்வதாக அவரே சொல்லியிருக்கிறார். கல் நிலைத்தது, எழுத்தைப் படிக்கும் வழி மறைந்தது. 1837இல் கல்கத்தா நாணயச்சாலை அதிகாரி ஜேம்ஸ் பிரின்செப் அந்த எழுத்தை வாசித்தார். அவருக்கு உதவியது தூண் மட்டுமல்ல. சாஞ்சி தூபியின் கல்வேலியில் எளிய மக்கள் வெட்டிவைத்த நூற்றுக்கணக்கான குறுவரிகள் ஒரே இரண்டு எழுத்தில் முடிவதை அவர் கவனித்தார். அது 'தானம்' என்ற சொல்லாக இருக்க வேண்டும் என்று ஊகித்தார். அந்த ஊகம் மற்ற எழுத்துகளைத் திறந்தது. தூணில் பேசும் 'தேவானம்பிய பியதசி' யார் என்ற புதிர் அப்போதும் எஞ்சியது. இலங்கையில் பணியாற்றிய ஜார்ஜ் டர்னர், அங்கே பிக்குகள் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்துக் காத்த பாலி நூல்களிலிருந்து அது அசோகரின் பெயர் என்று காட்டினார்.

பேரரசரின் தூணை வாசிக்க வைத்தது வணிகர்களும் துறவிகளும் இல்லறத்தாரும் சாஞ்சியில் வெட்டிய குறுவரி. அவரை இன்னார் என்று அடையாளம் காட்டியது கடல் கடந்த ஒரு தீவில் ஓலையில் எழுதி எழுதிப் புதுப்பிக்கப்பட்ட நூல். சங்க இலக்கியம் தமிழுக்குக் கிடைத்த வழியும் இதுதான். ஓலை சில நூற்றாண்டு தாங்கும், அதற்கு மேல் செல்லரித்துப் போகும். ஒருவர் எழுதியதை அடுத்தவர் படியெடுத்ததால்தான், ஆசிரியர்கள் உரை சொல்லி வந்ததால்தான், 19ஆம் நூற்றாண்டில் சி.வை. தாமோதரம் பிள்ளைக்கும் உ.வே. சாமிநாதையருக்கும் பதிப்பிக்க ஏடுகள் மிஞ்சின.

எழுதுகிறவரின் கை

வெஸ்டிங்ஹவுஸ் கலத்தைச் செய்தவர்கள் இந்தப் பிரச்சினையை ஓரளவு உணர்ந்திருந்தார்கள். கலம் ஏழரை அடி நீளம். செம்பை முதன்மையாகக் கொண்ட தனிக் கலவை உலோகம். 1938 செப்டம்பர் 23 அன்று 50 அடி ஆழத்தில் இறக்கப்பட்டது. திறக்க வேண்டிய ஆண்டு 6939. உள்ளே மைக்ரோஃபிலிமில் 22,000 பக்கங்களுக்கு மேல். அதோடு விதைகள், அலாரக் கடிகாரம், பல்துலக்கும் பிரஷ், பெண்கள் அணியும் தொப்பி, மிக்கி மவுஸ் கோப்பை. இவற்றைவிட முக்கியமானது அவர்கள் வெளியே வைத்த ஒன்று. கலம் எங்கே இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது, ஆங்கிலத்தை எப்படிப் படிப்பது என்று விளக்கும் ஒரு பதிவேட்டை அச்சிட்டு, 3,000க்கும் மேற்பட்ட படிகளை உலகெங்கும் நூலகங்களுக்கும் மடாலயங்களுக்கும் அனுப்பினார்கள். ஆங்கிலத்துக்கான திறவுகோலை ஸ்மித்சோனியன் நிறுவன மொழியியலாளர் ஜான் ஹாரிங்டன் எழுதினார். மொழிகள் மாற மாற இதைப் புதிய மொழிகளில் பெயர்த்துக்கொண்டே வாருங்கள் என்ற வேண்டுகோளும் அதில் உண்டு.

அந்தப் பதிவேட்டில் ஐன்ஸ்டைனின் கடிதம் இருக்கிறது. தம் காலத்துக் கண்டுபிடிப்புகளைச் சொல்லிவிட்டு, வெவ்வேறு நாட்டு மக்கள் அவ்வப்போது ஒருவரையொருவர் கொன்றுகொள்வதையும், எதிர்காலத்தை எண்ணினால் எல்லோரும் அச்சத்தில் வாழ்வதையும் அவர் எழுதினார். ஒரு வணிக நிறுவனம் தன் விளம்பர விழாவில் இப்படி ஒரு கடிதத்துக்கு இடம் கொடுத்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்க ஓராண்டே இருந்த நேரம் அது. இன்று அந்தப் பெட்டகத்தில் நம்பத்தகுந்த குரல் எது என்று கேட்டால், விடை இந்தக் கடிதமாகத்தான் இருக்கும்.

அரசே எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு சோவியத் ஒன்றியம் விரிவான சான்று. 1967இல், புரட்சியின் 50ஆம் ஆண்டில், நகரம் நகரமாக, தொழிற்சாலை தொழிற்சாலையாக 2017இன் இளைஞர்களுக்குக் கடிதம் எழுதிப் புதைத்தார்கள். பொதுவுடைமைச் சமூகம் அதற்குள் முழுமை பெற்றிருக்கும் என்ற உறுதி அக்கடிதங்களில் தெரிகிறது. 2017இல் ரஷ்ய நகரங்கள் பலவற்றில் அவற்றைத் திறந்து வாசித்தபோது, எழுதிய நாடு இல்லாமல் போய் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. அந்த நம்பிக்கையை இகழ்வதற்கு எதுவும் இல்லை. பலர் மனதார எழுதியவை அவை. ஆனால் 1967இல் ரொட்டிக்கு வரிசையில் நின்றவரும், முகாமிலிருந்து திரும்பியவரும் என்ன நினைத்தார்கள் என்று அக்கடிதங்களிலிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை.

'கால்பாத்ர'வின் குறையும் இதே இடத்தில்தான். கிருஷ்ணசாமியின் உரை திரிபுடையதா, பத்ரிநாத்தின் விமர்சனம் சரியா என்று இங்கே தீர்ப்புச் சொல்வது நோக்கமல்ல. 25 ஆண்டு வரலாற்றை ஒருவர் சுருக்கி எழுதினால் அதில் விடுபடல்கள் இருந்தே தீரும். ஒரு வரலாற்றாசிரியர் எழுத, இன்னொருவர் மறுத்தது நலமான அறிகுறி. இருவர் எழுத்தும் ஒரே கலத்தில் அருகருகே வைக்கப்பட்டிருந்தால், 1970களின் இந்தியா தன்னைப் பற்றியே எப்படி வாதிட்டது என்பதற்கு அதைவிடச் சிறந்த ஆவணம் இருந்திருக்காது. நடந்ததோ வேறு. ஓர் ஆட்சி மறுப்பை ஒதுக்கிவிட்டு உரையைப் புதைத்தது. அடுத்த ஆட்சி அதைத் தோண்டி எடுத்தது, பொது வாசிப்புக்கான ஆவணமாக்கவில்லை. இரண்டும் ஒரே பிழையின் இரு பாதி என்பதே இக்கட்டுரையின் முடிவு. உரை மக்களுக்குரியது என்ற எண்ணம் இரு தரப்புக்கும் இல்லை.

இந்தப் பழக்கம் முடிந்துபோன கதையும் அல்ல. 2010இல் காந்திநகர் மகாத்மா மந்திர் கட்டுமானத்தின்போது குஜராத் அரசு ஒரு பெட்டகத்தைப் புதைத்தது. அங்கும் எதிர்க்கட்சியின் குற்றச்சாட்டு ஏறக்குறைய அதேதான். 2020இல் அயோத்தி ராமர் கோயிலுக்கு அடியில் 2,000 அடி ஆழத்தில் பெட்டகம் வைக்கப்படும் என்று அறக்கட்டளை உறுப்பினர் ஒருவர் சொல்ல, பொதுச்செயலாளர் சம்பத் ராய் அதை மறுத்தார். அந்தச் சில நாள்களில்தான் 1973இன் கலம் மறுபடி பத்திரிகைகளில் பேசப்பட்டது.

எதிர்காலத்தை எண்ணாமல் விட்டுச்சென்றவை

வரலாற்றாசிரியர்களுக்கு உண்மையில் கைகொடுத்த பெட்டகங்கள் பெரும்பாலும் பெட்டகமாக எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா யூதத் தொழுகைக்கூடத்தில், இறைவன் பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாது என்பதற்காகப் பழைய காகிதங்களை ஓர் அறையில் போட்டுவந்தார்கள். கடவுள் பெயரோடு கடைக்கணக்கும் திருமண ஒப்பந்தமும் கடனோலையும் சேர்ந்து விழுந்தன. 1896–97இல் சாலமன் ஷெக்டர் அவற்றைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுசென்றார். 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்து மிளகு வணிகமும் வெண்கலப் பட்டறையும் நடத்திய ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகரை உலகம் அறிந்தது அந்தக் குவியலின் வழியே. ஏடனிலிருந்து அவருக்கு வந்த கடிதங்களில் காகிதமும் சர்க்கரையும் உலர்திராட்சையும் அனுப்பிய விவரம்கூட இருக்கிறது. எந்த அரசும் தன் கலத்தில் உலர்திராட்சைக் கணக்கை வைத்திருக்காது.

புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு இன்னொரு சான்று. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடையாளராகவும், இருந்தவர் அவர். கப்பல் வந்தது, எத்தனை குண்டு போட்டு மரியாதை செய்தார்கள், எந்த வணிகர் யாரோடு பிணங்கினார், ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று அன்றன்று நடந்ததை எழுதினார். 1748இல் வேதபுரீசுவரன் கோயில் இடிக்கப்பட்டபோது நகரத்து மக்கள் பட்ட வேதனையும், தடுக்க முடியாமல் அவர் பட்ட வேதனையும் அதில் உள்ளன. பிரெஞ்சுக் கிழக்கிந்திய நிறுவனம் தன்னைப் பற்றித் தானே எழுதிப் புதைத்திருந்தால் அந்தக் கலத்தில் இதற்கு இடம் கிடைத்திருக்குமா? 1846இல் அர்மான் கலுவா மோன்பிரோன் அந்தக் குறிப்பேடுகளைக் கண்டெடுத்துப் படியெடுக்க ஏற்பாடு செய்தார். அதன் பிறகே அவை ஆய்வுலகுக்கு வந்தன.

இதிலிருந்து, திட்டமிட்டு வைப்பது வீண், தற்செயலே போதும் என்ற முடிவுக்கு வருபவர்கள் உண்டு. அது ஏற்கத்தக்கதல்ல. தற்செயல் எல்லோருக்கும் சமமாக வாய்ப்பதில்லை. எழுதத் தெரிந்த துபாஷியின் ஏடு பிழைத்தது. அதே ஊரில் சுமை தூக்கியவரின் வாழ்க்கையை யாரும் எழுதவில்லை. எழுதப்படாதவர்களைப் பதிவு செய்ய முயற்சி வேண்டும், அதற்குத் திட்டமும் வேண்டும்.

ஒரு நாள் விழாவும் ஓயாத வேலையும்

ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகருக்கு அருகே, ஓபர்ரீட் என்ற ஊரில் ஒரு கைவிடப்பட்ட சுரங்கம் இருக்கிறது. பெயர் பார்பராஸ்டொலன். 1975 முதல் ஜெர்மன் அரசு தன் ஆவணங்களின் மைக்ரோஃபிலிம் படிகளைத் துருப்பிடிக்காத எஃகு உருளைகளில் அடைத்து அங்கே சேர்த்துவருகிறது. மேலே நூற்றுக்கணக்கான மீட்டர் பாறை. ஃபிலிம் 500 ஆண்டு தாங்கும் என்று கணக்கு. படிக்க ஒளியும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும், கணினி தேவையில்லை. 1978 முதல் யுனெஸ்கோவின் சிறப்புப் பாதுகாப்புப் பட்டியலிலும் அது இருக்கிறது.

அங்கே எந்தத் தலைவரும் ஒரு நாள் வந்து கடைசியாக மூடி முத்திரை வைப்பதில்லை. ஆண்டுதோறும் உருளைகள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. யார் ஆட்சிக்கு வந்தாலும் படமெடுக்கும் வேலை நடக்கிறது. எதை வைப்பது என்று ஓர் ஆட்சி முடிவு செய்வதில்லை, ஆவணக் காப்பகங்கள் முடிவு செய்கின்றன. 2009 மார்ச் 3 அன்று கொலோன் நகர வரலாற்று ஆவணக் காப்பகக் கட்டடம், அருகே நடந்த சுரங்க ரயில் பணியால் இடிந்து விழுந்தது. நகரின் பல நூற்றாண்டு ஆவணங்கள் இடிபாட்டுக்குள் போயின. அவற்றில் ஒரு பகுதியின் படிகள் பார்பராஸ்டொலனில் இருந்தன. பெட்டகம் 500 ஆண்டு காத்திருக்கவில்லை, 34ஆம் ஆண்டிலேயே பயன்பட்டது.

ஜப்பானின் ஒசாகாவில் வேறொரு நல்ல யோசனை செயல்பட்டது. 1970 உலகக் கண்காட்சியை ஒட்டி மட்சுஷிதா நிறுவனமும் மைனிச்சி நாளிதழும் 2,098 பொருள்கள் கொண்ட இரட்டைக் கலங்களை ஒசாகாக் கோட்டைப் பூங்காவில் புதைத்தன. கீழே உள்ளது 5,000 ஆண்டு கழித்துத் திறக்க வேண்டியது. மேலே உள்ளதை 2000இல் திறந்து, பொருள்களின் நிலையைப் பரிசோதித்து, மீண்டும் வைத்தார்கள். இனி நூறாண்டுக்கு ஒருமுறை அப்படிச் செய்வது திட்டம். கலத்தைக் கண்காணிக்க ஒவ்வொரு தலைமுறையிலும் சிலர் இருந்தாக வேண்டும் என்பதை அந்த ஏற்பாடே கட்டாயமாக்குகிறது. இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவில் 1976இல், 2.2 கோடிப் பேர் கையொப்பமிட்ட ஒரு பெட்டகம், வேலி ஃபோர்ஜில் நடந்த அடக்க விழா நாளன்றே வண்டியிலிருந்து திருடுபோனது. படி இல்லாத ஒற்றைப் பெட்டகத்துக்கு இது நேரும்.

2047ஐ முன்வைத்து

சுதந்திரத்தின் நூற்றாண்டு நெருங்க நெருங்க, மறுபடி ஒரு தேசியக் காலப்பெட்டகம் என்ற பேச்சு எழுவது இயல்பு. எழட்டும். ஆனால் புதைக்கும் நாளுக்குக் குறைந்தது ஓராண்டு முன்பே அதன் ஒவ்வொரு பக்கமும் வெளியிடப்பட வேண்டும். வரும் மறுப்புகளும் அதே கலத்தில் சேர வேண்டும். தில்லியில் ஒன்று என்றால் போதாது. சென்னையிலும் இம்பாலிலும் ஸ்ரீநகரிலும் அதே படி இருக்க வேண்டும், ஓர் ஆட்சி ஒன்றைத் தோண்டினாலும் மற்றவை இருக்கும். 25 ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்க்கும் பொறுப்பு ஆட்சியாளர்களிடம் இல்லாமல் நூலகர்களிடமும் ஆவணக் காப்பாளர்களிடமும் இருக்க வேண்டும்.

எதை வைப்பது? தலைவர்களின் உரைகள் எங்கும் கிடைக்கும். ஊரக வேலைத் திட்ட அட்டை, ரேஷன் கடைப் பதிவேட்டின் ஒரு மாதப் பக்கங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தின் பேறுகாலக் குறிப்பேடு, மீனவர் சங்கத்தின் டீசல் கணக்கு ஆகியவை கிடைக்காது. பெயரை மறைத்து இவற்றின் படிகளைச் சேர்க்கலாம்.

மொழிகள் தனியே சொல்லப்பட வேண்டியவை. 1977இல் நாசா வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்கத்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் உண்டு, தமிழ் இல்லை. கார்ல் சேகன் குழுவுக்குக் கிடைத்த காலம் குறைவு, அருகில் கிடைத்த பேச்சாளர்களைக் கொண்டு பதிவு செய்தார்கள். அதில் உள்நோக்கம் தேட வேண்டியதில்லை. ஆனால் கோடிக்கணக்கானோர் பேசும் மொழியே அவசரத்தில் விடுபடும் என்றால், சில நூறு பேர் பேசும் மொழிகளின் கதி என்ன? பெரிய அந்தமானிய மொழிகளில் ஒன்றான 'போ'வின் கடைசிப் பேச்சாளர் போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார். மொழியியலாளர் அன்விதா அப்பி அவரோடு பல காலம் இருந்து பாடலையும் கதையையும் பதிவு செய்திருந்ததால் அந்தக் குரல் இன்று இருக்கிறது. நூறாண்டுக்கு முன் கிரியர்சனின் இந்திய மொழி அளவாய்வையொட்டி 200க்கும் மேற்பட்ட கிராமபோன் பதிவுகள் எடுக்கப்பட்டன. விவிலியத்தின் ஊதாரி மகன் கதையை ஊர் ஊராக, மொழி மொழியாகச் சொல்லவைத்த அந்தக் குரல்களை இன்று இணையத்தில் கேட்கலாம். அரசமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளோடு நின்றுவிட்டால், 2047இன் பெட்டகம் கிரியர்சனின் பட்டியலைவிடக் குறுகியதாகிவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குக் கலமும் வேண்டாம், குழியும் வேண்டாம். 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டமும் அதன் விதிகளும், 25 ஆண்டு கடந்த நிரந்தர மதிப்புள்ள கோப்புகளை அமைச்சகங்கள் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்கின்றன. 1891இல் கல்கத்தாவில் தொடங்கிய காப்பகம் அது. 2022 டிசம்பரில் அதன் தலைமை இயக்குநர் சந்தன் சின்கா ஒரு கூட்டத்தில் வெளிப்படையாகவே வருந்திச் சொன்னார்: 1962, 1965, 1971 போர்களின் ஆவணங்கள் தம்மிடம் இல்லை, பசுமைப் புரட்சியின் ஆவணங்களும் இல்லை. பல அமைச்சகங்கள் அனுப்பவே இல்லை. ஐம்பது ஆண்டைக் கடந்துவிட்ட அந்தக் கோப்புகளின் தாள் சாதாரண மில் காகிதம். அமிலம் கலந்த அந்தக் காகிதம் ஆண்டுக்கு ஆண்டு பழுத்து நொறுங்கும். சட்டம் கையில் இருக்கிறது, காப்பகக் கட்டடம் ஜன்பத் சாலையில் இருக்கிறது. ஒவ்வொரு அமைச்சகமும் தன் ஆவண அறையைத் திறந்து, பட்டியல் எடுத்து, எந்தக் கோப்பு எந்த ஆண்டுக்குள் போய்ச் சேரும் என்று நாடாளுமன்றத்தில் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்பதே 2047க்கான முதல் கோரிக்கை.